ரோஸ்விதாவின் முயலும் சீமைச்சாமந்தித் தண்ணீரும்

எங்கள் சுரங்கக் குடியிருப்புக்கு நூறு வயது ஆனதற்குப் புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கொருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். படித்தவர்கள் முந்திக்கொண்டு சுரங்க மேனேஜரையும் பாதிரியாரையும் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்து வீட்டு ரோஸ்விதா கூபிட்சாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

"அவங்க அப்படி என்ன சாதிச்சாங்க, எக்பர்ட்?" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேட்டார்.

"டிராம் ஓட்டினா. இப்ப முயல் வளர்க்கிறா. எழுதறவன் நானா இருந்தா அது போதும்" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஏணியில் ஏறியவன் நான். ஓடு சுமந்தேன், ஓடு வேய்ந்தேன், பிறகு சொந்தமாகக் கூரைக் கம்பெனி வைத்தேன். கெல்சன்கிர்ஷன் நகரத்தில் மழைக்கு ஒழுகாத வீடுகளைக் கணக்கெடுத்தால் பாதியில் என் கை பட்டிருக்கும். மீதிப் பாதி ஒழுகாமல் இருப்பது அதிர்ஷ்டம். எனக்கு எழுத்துப் பிழை வரும், அதைத் திருத்த ஆள் இருக்கிறது. விஷயத்தில் பிழை வராது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலிதான், அதுவும் நான் போட்டது.

ரோஸ்விதா சுரங்கத் தொழிலாளி அல்ஃபோன்ஸின் ஒரே மகள். எங்கள் டிப்போவில் டிராம் ஓட்டிய முதல் பெண். ஆரம்பத்தில் ஓட்டுநர் இருக்கையில் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சில ஆண்கள் இறங்கிப் போவார்களாம். ஒலிபெருக்கியில் சொல்வாளாம்: "அடுத்த வண்டியில வர்ற ஆளு நேத்துத் தடம் புரட்டினவரு. உங்க இஷ்டம்." ஏறிக்கொள்வார்கள்.

கல்யாணமும் ஆனது. புருஷன் பந்தயப் புறா வளர்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கேக் ஆறிப்போன காப்பியோடு கிடக்கும். ஒரு நாள் "புறா வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் யோசித்தான். "யோசிச்சியே, அதுவே போதும்" என்று கூண்டோடு அனுப்பிவிட்டாள். அதன் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைக் காப்பி என் மனைவியோடு. என் மனைவி போன பிறகு என்னோடு. ஊரார் என்னென்னவோ பேசினார்கள். பேசட்டும். அவள் காப்பி நன்றாகப் போடுவாள், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் முயல் என்றால் கிறிஸ்துமஸ் சட்டிக்கு. எல்லா வீட்டுக் கொல்லையிலும் கூண்டு இருந்தது. ரோஸ்விதா சின்ன வயதிலேயே அதைத் தின்ன மாட்டாள், உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு முயல் வாங்கினாள், வளர்ப்பதற்கு மட்டும். பெட்டை சாம்பல் நிறம், பெயர் எல்லி. கிடா மண் நிறம், காது தரையில் புரளும், நல்ல எடை. அதற்கு ஸ்டைகர் என்று பெயர் வைத்தாள். சுரங்கத்தில் அது மேற்பார்வையாளருக்குப் பெயர். எல்லா இடத்துக்கும் போய் எட்டிப் பார்ப்பான், எந்த வேலையும் செய்ய மாட்டான். "எங்கப்பா காலத்துல இருந்தவனும் இதே மாதிரிதான், மூக்கை மட்டும் ஆட்டுவான்" என்பாள்.

தெருவே அந்த இரண்டையும் வளர்த்தது. காய்ந்த ரொட்டியைப் பையில் போட்டு அவள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். ரொட்டியைக் குப்பையில் போட எங்கள் ஆட்களுக்குக் கை வராது. தவிர, கெட்டி ரொட்டி கடித்தால் முயலுக்குப் பல் தேயும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி சீமைச்சாமந்திக்கு வருகிறேன்.

சுரங்கக் கல்லைக் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன மேடு ஒன்று குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஜூன் மாதம் சீமைச்சாமந்தி பூக்கும், கஷாயம் வைக்கிற சின்ன வெள்ளைப் பூ. ரோஸ்விதா கூடையோடு போய்ப் பறித்து வந்து, மாடி அறையில் பழைய படுக்கை விரிப்பில் பரப்பிக் காயவைப்பாள். அந்தக் கூரை நான் போட்டது, ஒரு பூ நனைந்தது கிடையாது. பிறகு காகிதப் பையில் போட்டுத் தெரு முழுக்கக் கொடுப்பாள். வயிற்று வலியா, இருமலா, ஈறு வீக்கமா, குழந்தைக்குப் பின்பக்கம் சிவந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அதுதான். முக்கியமாகக் கண்ணுக்கு.

அதற்குக் காரணம் சுரங்கம். கீழேயிருந்து வரும் ஆள் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இமை ஓரத்தில் கரித்தூள் நிற்கும். மை தீட்டிய மாதிரி இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வரும் புருஷன் சமையலறை நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்காருவான், பெண்டாட்டி வெதுவெதுப்பான சாமந்தித் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் இது நடந்தது. ரோஸ்விதாவின் அம்மா ஹெட்விக்தான் தெருவுக்கே பூ கொடுப்பவள். அவளுக்குப் பிறகு மகள்.

ஆகவே ஒரு வசந்தத்தில் ஸ்டைகருக்கு இடது கண்ணில் தண்ணீர் வடிய ஆரம்பித்தபோது அவள் என்ன செய்வாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முயலை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சால் ஒத்திக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு மேற்பார்வைக்கு?" என்றேன்.

"காத்து பட்டிருக்கும். ரெண்டு நாள் துடைச்சா சரியாப் போகும்."

சரியாகப் போகவில்லை. தண்ணீர் பால் போலக் கெட்டியானது. கண்ணுக்குக் கீழே மயிர் ஒட்டி ஒட்டிக் கொட்டியது, தோல் சிவந்து தெரிந்தது. எல்லி வந்து அந்த இடத்தை நக்கிக்கொடுக்கும். ஸ்டைகர் முன்னங்காலால் தேய்க்கும். ரோஸ்விதா இன்னும் கெட்டியாகக் கஷாயம் போட்டாள், இன்னும் அடிக்கடி துடைத்தாள். கடைசியில் அது கண்ணைத் திறப்பதே இல்லை. இலைக்கோஸை முகர்ந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தது.

"ஏம்மா, டாக்டர்கிட்ட காட்டேன்."

"முயலுக்கு டாக்டரா? எங்கப்பா கேட்டா சிரிப்பாரு."

"உங்கப்பா முயலைத் தின்னவரு. நீ வளர்க்கிற. பெட்டியை எடு, என் வண்டி வாசல்ல நிக்குது."

என் குரலுக்கு ஒரு காலத்தில் கூரை மேல் நின்றவர்களெல்லாம் அசைந்தார்கள். அவள் அசையவில்லை. "முதல்ல உன் வண்டி சீட்டைத் தட்டு, தூசி பட்டா கண்ணு கெட்டுடும்" என்றாள். தட்டினேன். பிறகு வந்தாள்.

மிருக டாக்டர் நெஸ்லிஹான் எங்கள் ஊர்ப் பெண். அவள் தாத்தா துருக்கியிலிருந்து வந்து இதே சுரங்கத்தில் இறங்கியவர். சின்னக் கை, அதிராத பேச்சு. ஸ்டைகரைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டைக் கண்ணில் விட்டு, விளக்கை அணைத்து நீல டார்ச் அடித்தாள். கருவிழியில் ஓர் இடம் பச்சையாக மின்னியது.

"பச்சையாத் தெரியுற இடத்துல புண்ணு இருக்கு" என்றாள். "இந்தச் சாயம் மூக்கு வழியா இறங்கி வரணும். வரல பாருங்க. கண்ணீர்க் குழாய் அடைச்சிருக்கு. ஸ்கேன், எக்ஸ்ரே எதுவும் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம், பல்லுதான். மேல்கடைவாய்ப் பல்லோட வேர் மேல வளர்ந்து குழாயை நெரிக்குது. என்ன தீனி போடறீங்க?"

"நல்ல தீனிதான் டாக்டரம்மா. காய்ஞ்ச ரொட்டி கூட நிறையக் குடுக்கறேன், பல்லு தேயணுமே."

"ரொட்டி வாயில போனதும் ஊறி மாவாயிடும். தேய்க்காது. உலர்ந்த புல்லை மணிக்கணக்கா மெல்லணும், அப்பத்தான் தேயும். ரொட்டியை நிறுத்திடுங்க. கண்ணுக்கு என்ன போட்டீங்க?"

"சீமைச்சாமந்தித் தண்ணி. நானே பறிச்சது. சுத்தமானது."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "அதையும் நிறுத்தணும். வயித்துக்குக் குடிங்க, நல்லது. கண்ணுல வேண்டாம். எவ்வளவு வடிகட்டினாலும் பூவோட பொடியும் நாரும் தண்ணியில இருக்கும், புண்ணு மேல போய் உறுத்தும். கிருமியும் சேரும். குழாயை இப்ப உப்புத்தண்ணி விட்டுக் கழுவித் தரேன். சொட்டு மருந்து மூணு வேளை போடுங்க, துடைக்கறதுக்கு மருந்துக்கடை உப்புத்தண்ணி மட்டும். அடுத்த வாரம் பார்ப்போம். புண்ணு இன்னும் ஆழமாப் போனா கண்ணை எடுத்துடணும். தீனி எடுக்காம போச்சுன்னா முயல் தாங்காது, அதையும் சொல்லிடறேன்."

ரோஸ்விதா முயலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வண்டியில் வரும்போது, "படிச்ச பொண்ணு. ஆனா நேத்துப் பிறந்தது" என்றாள்.

முயலுக்குத் தனி ஆளாகச் சொட்டு மருந்து விட முடியாது. ஒருவர் பிடிக்க வேண்டும். ஆகவே மூன்று வேளையும் நான் போனேன். துண்டைச் சமையலறை மேஜையில் விரித்து, ஸ்டைகரை அதில் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துச் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். அதன் முதுகு என் வயிற்றில் சாய்ந்திருக்கும். ரோஸ்விதா கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விடுவாள். முதல் தடவை துண்டு தளர்ந்துவிட்டது. பின்னங்காலால் மணிக்கட்டில் உதைத்தது பாருங்கள், ஒரு கோடு இழுத்த மாதிரி ரத்தம்.

"கூரை மேலேர்ந்து ஒரு தடவை கூட விழாத மனுஷன்" என்றாள் ரோஸ்விதா. "முயல்கிட்ட தோத்துட்டியே."

"கூரை உதைக்காது."

அதற்குப் பிறகு நான் கட்டிய கட்டு ஒரு முறைகூட அவிழவில்லை. தார்ப்பாயை எந்தக் காற்றிலும் பறக்காமல் கட்டுகிறவனுக்கு ஒரு துண்டு பெரிய விஷயமா.

மருந்து ஒழுங்காகப் போனது. ரொட்டிப் பைகளை அவள் கேட்டிலிருந்து நானே கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். உலர்ந்த புல் கட்டு வாங்கிப் போட்டேன். ஸ்டைகர் கொஞ்சம் கொஞ்சமாக மென்றது. ஆனால் கண் தெளியவில்லை. சிவப்பு கூடியிருந்தது. எனக்குப் புரியவில்லை. நான் செய்யும் வேலை சரியாக வராமல் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் துண்டைச் சுற்றும்போது அதன் முகம் என் மூக்கருகே வந்தது. இனிப்பான ஒரு வாசனை. கழுவுதொட்டியைப் பார்த்தேன். டீ வடிகட்டி ஈரமாக இருந்தது, குப்பைக் கூடையில் மஞ்சள் கறையோடு பஞ்சு.

"சாமந்தி டீ குடிச்சியா?" என்றேன்.

"ஆமா."

"ஸ்டைகரும் குடிச்சிச்சா? மூஞ்சியில வாசனை அடிக்குதே."

அவள் மருந்துக் குப்பியின் மூடியைத் திறந்து மூடினாள். "நீ போனப்புறம் லேசாத்தான் துடைக்கிறேன். சீழ் காய்ஞ்சு ஒட்டிக்குது. அதை அப்படியே விடச் சொல்றியா?"

"உப்புத்தண்ணி வாங்கிக் குடுத்தேனே, எங்க?"

"அலமாரியில இருக்கு."

"எதுக்கு அலமாரியில? அழகுக்கா? அந்தப் பொண்ணு நிறுத்தச் சொன்னா, நீ காதுல வாங்கல. டிராம் ஓட்டறப்ப சிவப்பு விளக்கைப் பார்த்தா நிப்பாட்டினியா, இல்ல நேத்துப் போட்ட விளக்குன்னு ஓட்டிட்டுப் போனியா?"

நான் கோபமாகக் கேட்டால் அவளும் பதிலுக்குப் பதில் கொடுப்பாள், அதுதான் எங்கள் வழக்கம். அன்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பா கண்ணு உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அல்ஃபோன்ஸுக்கு வலது கண் கிடையாது. தொப்பியை அந்தப் பக்கம் இறக்கிப் போட்டிருப்பார். சுரங்கத்தில் கல் தெறித்தது என்று தெருவுக்கே தெரியும்.

"கல்லுச் சில்லு பட்டுத்தான் வந்தாரு" என்றாள். "ஆனா அன்னிக்கே கண்ணு போகல. சிவந்திருந்துச்சு, அவ்வளவுதான். வேலைக்குப் போனாரு. அம்மா தினம் துடைச்சாங்க. வடியுதுன்னா இன்னும் கெட்டியா வெச்சாங்க. ரெண்டு வேளை, மூணு வேளை. பஞ்சு நனைச்சுக் குடுத்தது நான். வாரக்கணக்கா. அப்புறம்தான் போச்சு." முயலின் காதைத் தடவினாள். "இந்தப் பொண்ணு சொல்றது நிஜம்னா, அப்ப எங்கம்மா என்ன பண்ணாங்க? நீயே சொல்லு."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று துண்டை இறுக்கிக் கட்டி, "சொட்டு விடு" என்றேன். விட்டாள். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

அடுத்த வாரம் வரை காத்திருக்கவில்லை. மறுநாளே வண்டியை எடுத்தேன். டாக்டர் சாயம் விட்டு டார்ச் அடித்தாள். பச்சை இடம் பெரிதாகியிருந்தது. நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடு, ஓரம் மட்டும் சரியில்லை. காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"சாமந்தித் தண்ணிதான் போட்டேன்" என்று ரோஸ்விதாவே சொன்னாள். "ஒண்ணு கேக்கணும். முயலைப் பத்தி இல்ல. ஒரு மனுஷனுக்குக் கண்ணுல கல்லுச் சில்லு பட்டிருக்கு. அதை எடுக்கல. வாரக்கணக்கா அந்தத் தண்ணி போட்டுத் துடைக்கிறாங்க. கண்ணு போயிடுச்சு. தண்ணியாலயா?"

டாக்டர் டார்ச்சை மேஜையில் வைத்தாள். "நான் மனுஷ டாக்டர் இல்ல. இல்லேன்னு என்னால சொல்ல முடியாது. சில்லு உள்ள இருந்தா எந்தத் தண்ணி போட்டிருந்தாலும் ஆபத்துதான். யாரு, உங்க வீட்டுலயா?"

"எங்கப்பா. துடைச்சது எங்கம்மா."

"அவங்ககிட்ட யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவா. எல்லா வீட்டுலயும் அதானே."

"அவங்ககிட்ட யாரும் சொல்லல" என்றாள் நெஸ்லிஹான். "உங்ககிட்ட நான் சொல்லிட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. ஆறுதலாகவும் சொல்லவில்லை. நான் எத்தனையோ ஆட்களைத் திட்டி வேலை வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு வாக்கியத்தில் ஒருவரை நிறுத்தியதில்லை. ரோஸ்விதா ஸ்டைகரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "கண்ணு நிக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியல. இன்னிக்கு எடுக்க மாட்டேன். ஒரு வாய்ப்பு குடுப்போம். இனிமே நான் சொன்னது மட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து உப்புத்தண்ணீர்க் குப்பிகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். வடிகட்டியைக் கழுவித் துடைத்து டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "நாளையிலேர்ந்து சீக்கிரமா வா. காலைச் சொட்டு தள்ளிப்போகக் கூடாது" என்றாள். நான் சொல்லி வாங்கிய வேலை போலத்தான் இருந்தது, ஆனால் இல்லை. அவளாகச் செய்தது.

அந்த நாட்களில் அவள் என்னையே விரட்டினாள். கை கழுவினாயா, துண்டு நேற்றையதா இன்றையதா, சொட்டு விட்டதும் ஏன் பிடியைத் தளர்த்துகிறாய், மருந்து உள்ளே இறங்கும் வரை பிடி. அவள் சீழைத் துடைக்கும் விதமும் மாறிவிட்டது. தேய்க்க மாட்டாள். நனைந்த பஞ்சை வைத்துக் காத்திருந்து, ஊறியதும் எடுப்பாள். எல்லியைப் பிரித்து வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "பக்கத்துல ஆள் இல்லாம அது தின்னாது" என்றாள். அதுவும் டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

சிவப்பு இறங்கியது. ஒரு காலையில் துண்டைச் சுற்றும்போது ஸ்டைகர் இடது கண்ணை முழுசாகத் திறந்து என்னைப் பார்த்தது. பிறகு என் சட்டைப் பொத்தானைக் கடித்தது. ரோஸ்விதா சொட்டு விட மறந்து குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொட்டை விடு, எனக்குப் பொத்தான் போகுது" என்றேன்.

புண் ஆறியதும் மயக்கம் கொடுத்து அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். மயக்கத்தில் முயல்கள் போய்விடுவது உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் என் கம்பெனி ஆரம்பித்த கதையைச் சொன்னேன். அவளுக்கு அது மனப்பாடம், இருந்தாலும் கேட்டுக்கொண்டாள். ஸ்டைகர் எழுந்தது. இடது கண்ணில் அரிசி மணி போல ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கமிருந்து கீரையை நீட்டினால் கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். மற்றபடி முன்பு போலத்தான், எட்டிப் பார்க்கும், மூக்கை ஆட்டும், வேலை எதுவும் செய்யாது.

ஜூன் மாதம் வந்தது. ரோஸ்விதா பறிக்கப் போக மாட்டாள் என்று நினைத்தேன். கூடையோடு போனாள். மாடியில் காயவைத்தாள். ஒரு பூ நனையவில்லை.

ஒரு ஞாயிறு காப்பி நேரத்தில் எதிர்வீட்டு ஸில்கெ கேட் அருகே வந்து நின்றாள். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"ரோஸி, புதுப் பூ வந்துடுச்சாமே. ஒரு பை குடேன்."

"எதுக்கு?"

"சின்னவனுக்குக் கண்ணு பொங்கியிருக்கு. இமை ஒட்டிக்குது."

"அப்பக் கிடையாது. ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமையும் கண் டாக்டர் இருப்பாரு, கூட்டிட்டுப் போ."

ஸில்கெ சிரித்தாள். "விளையாடாத. எனக்குச் சின்ன வயசுல உங்கம்மாதானே குடுத்தாங்க, கண்ணுக்குத்தான்."

"குடுத்தாங்க" என்றாள் ரோஸ்விதா. "அவங்களுக்கு யாரும் சொல்லல. வயித்து வலின்னு வா, கூடையோட தரேன்."

ஸில்கெயின் முகம் சுருங்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். ரோஸ்விதா அவள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸில்கெ பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து டிராம் நிறுத்தத்துப் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகுதான் ரோஸ்விதா உள்ளே போய் எனக்கு இரண்டாவது காப்பி கொண்டுவந்தாள்.